இன்னொரு வாய்

நன்றித் திருநாளன்று சம்பந்தி வீட்டில், ஆளாளுக்கு நன்றி சொல்லி முடித்த பிறகுதான் சாப்பாடு என்று மகள் செண்பகா காதோரமாய்ச் சொன்னதிலிருந்து பிரமுவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சொதி ஆறிக்கொண்டிருந்தது. தேங்காய்ப்பால் விட்டது, ஆறினால் மேலே ஏடு கட்டும், மறுபடி அடுப்பில் வைத்தால் திரிந்துபோகும், இவர்கள் ஆளாளுக்கு எதெதற்கு நன்றி சொல்லி எப்போது முடிப்பார்களோ. அந்தப் பாத்திரத்தைத் துண்டில் சுற்றி வழிநெடுக மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். வெளியே வயல்களெல்லாம் பனி மூடிக் கிடந்தன, இங்கே தொடையில் சூடு உறைத்துக்கொண்டே இருந்தது, மகளிடம் சொல்லவில்லை, சொன்னால் கீழே வைங்கம்மா என்பாள், கீழே வைத்தால் தளும்பும். பக்கத்தில் அவள் வீட்டுக்காரர் காந்திமதிநாதன் கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு, கோவில்பட்டி வந்துட்டா, கோவில்பட்டி வந்துட்டா என்று கேட்டுக்கொண்டே வந்தார். முதலில் இல்லை என்றாள். பிறகு இந்தா வந்துரும் என்றாள். கடைசியில் வந்துட்டு, தாண்டியும் போயாச்சு என்றாள், அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை, நிம்மதியாய்க் கண்ணை மூடிக்கொண்டார். பொய் இவ்வளவு லேசானது என்று முன்னால் தெரியாது. மின்வாரியத்தில் கணக்கு அதிகாரியாய் இருந்த மனுஷன், யாராவது ஒரு பொய் சொன்னால் அன்றைக்கெல்லாம் அவருக்குத் தலைவலிக்கும், இப்போது அவளிடம் நாள் முழுக்கப் பொய்யாய்க் கேட்டு வாங்கிக்கொள்கிறார். மறதி நோய்தான், கூடிக்கொண்டுதான் போகும் என்று பாளையங்கோட்டை டாக்டர் சொன்னதும் செண்பகா ஊருக்கு வந்து இரண்டு பேரையும் கையோடு மினசோட்டாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மறந்தால் மறந்துவிட்டுப் போகட்டும். பேர் மறக்கட்டும், ஊர் மறக்கட்டும். சாப்பிட மறந்துபோகும் என்று யாரும் சொல்லவில்லையே. வாயில் போட்டதை முழுங்கவேண்டும் என்பது கூடவா ஒரு மனுஷனுக்கு மறக்கும்.

மேசை ஐந்து பேருக்கு அதிகம். தலைமாட்டில் ஒரு நாற்காலி காலியாய்க் கிடந்தது. அது மாப்பிள்ளை நேத்தனின் அப்பா உட்கார்ந்த இடம், அவர் போய்ச் சில வருஷம் ஆகியும் அதை யாரும் நகர்த்தவில்லை. நேத்தனின் அம்மா மார்ஜரி அந்த நாற்காலியின் முதுகைத் தொட்டுத் தொட்டுத்தான் அடுக்களைக்கும் மேசைக்கும் நடந்தாள். நல்ல பொம்பளை. வந்ததும் வராததுமாய்ப் பிரமுவைக் கையைப் பிடித்து அடுக்களைக்குள் கூட்டிப்போய் ஒரு கண்ணாடித் தட்டைக் கவிழ்த்துக் காட்டினாள், அடியில் கடையில் ஒட்டிய தாள் அப்படியே இருந்தது, புதுசு, இறைச்சி படாதது, உங்களுக்கென்று வாங்கினது என்று அர்த்தம். அதில்தான் ரொட்டித் துண்டும் செலரித் தண்டும் போட்டு வேகவைத்த பண்டம் தனியாய் இருந்தது. குழம்புகூட இரண்டு, வெள்ளைக் கிண்ணியில் இருந்தது கறியில் வடிந்தது, நீலக் கிண்ணியில் இருந்தது காளானில் செய்தது. அப்புறம் உருளைக்கிழங்கைப் பிசைந்து சப்பாத்தி மாதிரித் தேய்த்துச் சுட்டு, வெண்ணெயும் சீனியும் தடவிச் சுருட்டின ஒன்று, லெஃப்ஸா என்று பேர், அது மார்ஜரியின் மாமியார் வழி வந்ததாம், நார்வேக்காரர்கள். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அது தொண்டையில் இறங்காது, இப்போது அதைத் தின்ன ஆளில்லாத வீட்டில் வருஷா வருஷம் நான்தான் சுட்டுக்கொண்டிருக்கிறேன் என்று மார்ஜரி சொன்னதைச் செண்பகா தமிழில் சொன்னபோது, பிரமு அந்த அம்மாள் முகத்தை ஒரு தடவை நன்றாய்ப் பார்த்தாள். அதற்குள் இவர் எங்கே போனார் என்ற பதைப்பு வந்துவிட்டது. எங்கேயும் போகவில்லை, நாற்காலியில்தான் இருந்தார், மேசைவிரிப்பின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டு.

நேத்தன் ஏதோ சொன்னான். மார்ஜரி காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். செண்பகா சொன்னதில் அப்பா அம்மா என்பது மட்டும் பிரமுவுக்குப் பிடிபட்டது. தன்னைப் பார்த்தபோது, எல்லாரும் நல்லா இருக்கணும் என்றாள். சொன்ன பிறகுதான் அது நன்றி இல்லையே, வேண்டுதல் அல்லவா என்று பட்டது, அதற்குள் எல்லாருடைய கண்ணும் அவர் பக்கம் திரும்பிவிட்டது. அவர் விரிப்பை விட்டுவிட்டு நிமிர்ந்து தெளிவாய், பசிக்குது என்றார். செண்பகா சிரித்துக்கொண்டே, அப்பா சாப்பாட்டுக்கு நன்றி சொல்கிறார் என்று அவர்களுக்கு இங்கிலீஷில் சொன்னாள், அவர்களும் சிரித்தார்கள். பிரமு சிரிக்கவில்லை. அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்டு எத்தனை காலம். வைகாசியில் கேட்டதா, அதற்கும் முன்னாலா. பசிக்குது என்றார், அவள் காதால் கேட்டாள், அது கோவில்பட்டி மாதிரி வந்துபோகிற சொல் இல்லை, வயிற்றிலிருந்து வந்தது. கை பரபரத்தது. சோற்றை வைத்தாள், சொதியை விட்டாள், பக்கத்தில் இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்குப் பொரியல், அவருக்குப் பிடித்த மாதிரி ஓரம் முறுகினது. டப்பாத் தேங்காய்ப்பால்தான், ஆனாலும் திரியவில்லை, எலுமிச்சம்பழம் கடைசியில்தான் பிழிந்தாள், முருங்கைக்காய் ஐஸில் வைத்தது, அதற்கு அவள் என்ன செய்ய முடியும். பிசைந்து ஒரு வாய் எடுத்து நீட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சும்மா திருப்பவில்லை. உதட்டை உள்ளே மடித்து இறுக்கிக்கொண்டார். ஏங்க, சொதிங்க, உங்க சொதி என்றாள், தணிந்த குரலில், அந்த வீட்டில் அந்நிய பாஷையில் கெஞ்சுகிற மாதிரித் தோன்றக்கூடாதே என்று முகத்தில் ஒரு சிரிப்பையும் வைத்துக்கொண்டு. கல்யாணத்துக்கு மறுநாள் பெண்வீட்டார் சொதிச் சாப்பாடு போடவேண்டும் என்பது திருநெல்வேலியில் மாறாத வழக்கம், நாகர்கோவிலிலிருந்து போன இவள் வீட்டாருக்கு அது கைப்பழக்கம் இல்லை, தேங்காய்ப்பாலைக் கொதிக்கவிட்டுத் திரித்துவிட்டார்கள். பந்தியில் ஒரே முணுமுணுப்பு. அவர் மட்டும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கி, பிறகு டம்ளரில் ஊற்றச் சொல்லிக் குடித்தார். அந்த ஒரு டம்ளருக்காக அவரை எத்தனையோ தடவை மன்னித்திருக்கிறாள். இன்றைக்கு அதே சொதி, நன்றாய் வந்த சொதி, உதடு திறக்கவில்லை. வேண்டாம் என்றால் என்ன செய்வது. போன வாரம் டாக்டர் எடை பார்த்துவிட்டுச் செண்பகாவிடம் தனியாய்ப் பேசினார், இன்னும் இறங்கினால் வயிற்றில் குழாய் வைப்பதைப் பற்றி யோசிக்கவேண்டி வரும் என்று. மகள் அதைச் சொல்லும்போது பாத்திரம் கழுவுவதை நிறுத்தவே இல்லை, தண்ணீரை வேகமாய்த் திறந்துவிட்டுக்கொண்டு சொன்னாள். குழாய். பெட்டியில் துணி அடைக்கிற மாதிரி ஒரு மனுஷனை அடைப்பது. ஒரு வாய்க்கு அரைமணி நேரம் உட்கார்ந்து, தாடையைத் தடவி, முழுங்குங்க, முழுங்குங்க என்று சொல்லிச் சொல்லி, தொண்டையில் அந்த முடிச்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து, அவளுக்கு இப்போதெல்லாம் யாரைப் பார்த்தாலும் முதலில் தொண்டைதான் கண்ணில் படுகிறது.

அந்த நேரத்தில்தான் நேத்தன் எழுந்து காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவன் அப்பா வைத்திருந்த மின்சாரக் கத்தியால் வான்கோழியை அறுக்க ஆரம்பித்தான். கத்தி இரைந்தது. பிரமு வழக்கம்போல் பார்வையை ஜன்னலுக்குக் கொண்டுபோனாள், இதெல்லாம் பழகிவிட்டது, அவர்கள் சாப்பாடு அவர்களுக்கு. ஆனால் பக்கத்தில் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. காந்திமதிநாதன் முன்னால் சாய்ந்து அறுபடுகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கு விடைத்தது. கையை நீட்டி, அது என்றார். யாருக்கும் முதலில் புரியவில்லை. அது வேணும் என்றார். செண்பகா அவசரமாய்க் குனிந்து, அப்பா, அது நமக்கு இல்ல, அது கோழிப்பா என்றாள், குழந்தைக்குச் சொல்வதுபோல. அவர் மகளை ஏறிட்டுப் பார்த்து, "கோழின்னு தெரியாதா எனக்கு?" என்றார். குரலில் பழைய அதட்டல் இருந்தது. அது எங்கிருந்து திரும்பி வந்தது என்று பிரமுவுக்குத் திக்கென்றது. நேத்தன் கத்தியை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தான். செண்பகா கூடாது என்று தலையசைத்தாள். மார்ஜரி கையில் தட்டோடு பாதியில் நின்றாள். இத்தனை பேரும் இப்படி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் எட்டி, நேத்தன் அறுத்துத் தட்டில் போட்ட ஒரு துண்டை, எலும்போடு, எடுத்துக் கடித்துவிட்டார்.

மென்றார். பிரமு அவர் தொண்டையைப் பார்த்தாள். அந்த முடிச்சு ஏறியது, இறங்கியது. யாரும் தாடையைத் தடவவில்லை, யாரும் முழுங்குங்க என்று சொல்லவில்லை, தானாய் இறங்கியது. அடுத்த வாய். எலும்பைத் திருப்பி, இணைப்பில் பெருவிரலை வைத்து, சதை வருகிற பக்கமாய்க் கடித்தார். இது புதுசாய்த் தின்கிறவன் கையா. புதுசாய்த் தின்கிறவனுக்கு எந்தப் பக்கம் சதை வரும் என்று எப்படித் தெரியும். மெட்ராஸில் படித்த காலத்தில் ஹாஸ்டலில் இருந்தார், அந்தக் காலத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார், ஹாஸ்டல் சாப்பாடு சரியில்லை என்று மட்டும் சொல்வார், சரியில்லை என்றால் என்ன சரியில்லை. இல்லை, அப்படி இருக்காது, பசித்த கைக்குத் தானாய் வரும். ஆனால் அந்தப் பெருவிரல். முட்டை வேகிற ஹோட்டலில் காப்பி குடிக்கமாட்டார். ரயிலில் எதிர் இருக்கைக்காரன் பொட்டலத்தைப் பிரித்தால் எழுந்துபோய்க் கதவோரம் நிற்பார். செண்பகா எட்டாவது படிக்கையில் கூட்டாளி வீட்டில் முட்டை பப்ஸ் தின்றுவிட்டு வந்து, உண்மையைச் சொன்னால் ஒன்றும் செய்யமாட்டார் என்று நம்பி உண்மையைச் சொன்னாள். அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. சாப்பிடாமல் இருந்தார். இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல் ஈசிசேரில் கிடந்தார். பிள்ளை காலைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகை இப்போதும் காதில் இருக்கிறது, நான் இனிமே தொடமாட்டேன்ப்பா, சாப்பிடுங்கப்பா, சாப்பிடுங்கப்பா. நேத்தனைக் கட்டிக்கொண்டபோது கல்யாண விருந்துக்கு வந்தார், வந்தவர் ஒரு மூலையில் ஒரு வாழைப்பழத்தையும் ஒரு டம்ளர் பாலையும் வைத்துக்கொண்டு, பந்தி முடிகிறவரை எல்லாரும் பார்க்கும்படி உட்கார்ந்திருந்தார். அந்த மனுஷனா இவர். அந்த மனுஷன் எங்கே போய் இருக்கிறார். இவருக்குள்தான் எங்கேயோ அடைபட்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறாரா, பார்த்துக்கொண்டு சத்தம்போடக் குரல் இல்லாமல் இருக்கிறாரா, நீ பக்கத்தில் இருந்துமா விட்டாய் என்று கேட்கிறாரா. அந்த நினைப்பு வந்ததும் தட்டிப் பறிக்கத்தான் கை எழுந்தது. எழுந்த கை பாதி வழியில் நின்றது, ஏனென்றால் அந்தத் தொண்டையில் முடிச்சு மறுபடியும் ஏறி இறங்கியது.

அவள் பறிக்கவில்லை என்று கண்டதும் செண்பகா எழுந்துவிட்டாள். மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, அப்பா, குடுங்க, போதும் என்று தட்டைப் பிடித்தாள். அவர் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். சொதி விட்ட சோறு விரிப்பில் சாய்ந்தது. பிரமு மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். கொஞ்சம் அழுத்தித்தான் பிடித்துவிட்டாள் போல, வளையல் பதிந்தது.

"விடு. சாப்பிடட்டும்."

"அம்மா, என்ன பேசுதீங்க? தெளிவா இருந்தா அப்பா செத்தாலும் இதைத் தொடுவாங்களா? அவங்களுக்குத் தெரியலங்கிறதுக்காக நாம இதைச் செய்யலாமா?"

"ஆறு மாசமா அவரு தானா ஒரு வாய் முழுங்கி நீ பார்த்தியா?"

"முட்டைக்கு ரெண்டு நாள் பட்டினி கிடந்தாங்கம்மா. என்னை அழ வச்சாங்க. எனக்கு இன்னும் மறக்கல. ஆனா அது அவங்க கொள்கை. நீங்களும் நானும் அதைக் காப்பாத்தலேன்னா வேற யாரு காப்பாத்துவா?"

இந்தப் பிள்ளையா இப்படிப் பேசுகிறது. அந்தக் கொள்கையில் அடிபட்டது இவள், அதனாலேயே கடல் தாண்டிப் போனாளோ என்றுகூடப் பிரமு நினைத்ததுண்டு, இவள்தான் இப்போது அதற்குக் காவல் நிற்கிறாள். பாவமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். மார்ஜரியும் நேத்தனும் தங்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், பாஷை புரியாவிட்டாலும் வீட்டுச் சண்டை எந்த வீட்டிலும் ஒன்றுதான் என்பது போல. "அவருக்கு இனிமே தெரியப்போறதில்ல, மக்கா" என்றாள் பிரமு. "எனக்குத் தெரியும்லா. அது போதும். அந்தப் பாவத்தை நான் வச்சுக்கிடுதேன்." செண்பகா கையை உருவிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். நேத்தன் பின்னால் போனான். தண்ணீர் வேகமாய் விழுகிற சத்தம் கேட்டது.

வச்சுக்கிடுதேன் என்று சொல்லிவிட்டாள், சொன்னதும் அது எவ்வளவு பெரிய பேச்சு என்று மனசு உறுத்தத் தொடங்கியது. எதை வைத்துக்கொள்வது. ஏற்கெனவே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறாள், அது போதாதா. நாகர்கோவில் கோட்டாறில் அவள் பிறந்த வீட்டில் மீன் இல்லாத நாள் வெள்ளிக்கிழமை மட்டும்தான். சாளை, அயிலை, மழைக்காலத்தில் நெத்திலி, அம்மா தேங்காய் அரைத்து மாங்காய் போட்டு மண்சட்டியில் வைத்தால் தெரு முனையிலேயே தெரியும். பெண் பார்க்க வந்தபோது மாமனார் நேராகவே சொன்னார், எங்க வீடு சைவம், வந்த பிறகு பிள்ளை அதையெல்லாம் நினைக்கக்கூடாது. தொடக்கூடாது என்று சொல்லவில்லை, நினைக்கக்கூடாது என்றார். முதல் ராத்திரி இவர் கேட்டார், உன்னால முடியுமா, விட்டுருவியா. கேட்டாரே, அதற்காகவே சரி என்றாள், பழைய சேலையைக் கொடுப்பது போலச் சொல்லிவிட்டாள், இருபத்திரண்டு வயசில் வாழ்க்கை எவ்வளவு நீளம் என்று யாருக்குத் தெரியும். அப்புறம் பிறந்த வீட்டுக்குப் போனால் அம்மா அவளுக்கு மட்டும் தனி அடுப்பில் தனிச் சட்டியில் வைப்பாள், பந்தியில் தள்ளி உட்காரவைப்பாள், விருந்தாளியைப் போல. தம்பிகள் தின்னும்போது அவள் தயிர்ச் சோற்றை உருட்டுவாள். வருத்தமில்லை, பழகிவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னாள், தன்னிடமும் சொன்னாள். இப்போது பழகிப்போனது எது, விட்டதா, விட்டதைச் சொல்லாமல் இருந்ததா. அவர் ஒரு நாளும் கேட்டதில்லை, உனக்கு ஆசையாய் இருக்கிறதா என்று. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள். கேட்டிருக்கலாமே. இன்றைக்கு என்னவென்றால் அவர்பாட்டுக்கு எலும்பைச் சப்பிக்கொண்டு, மீசையில் எண்ணெய் மினுங்க, யாருக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை என்று உட்கார்ந்திருக்கிறார், சரி சொன்னவள் பக்கத்தில் காவல் இருக்கிறாள். அவளுக்குத் திடீரென்று எழுந்து வெளியே பனியில் போய் நிற்கவேண்டும்போல் இருந்தது. செருப்பு எங்கே கழற்றினோம் என்றுகூட யோசித்துவிட்டாள். அப்போதுதான் அவர் இந்தப் பக்கம் திரும்பினார்.

எலும்பிலிருந்து ஒரு இணுக்கைப் பிய்த்து, நாரை எடுத்துவிட்டு, விரல் நுனியில் வைத்து அவள் வாய்க்கு நேராக நீட்டினார். "நீயும் தின்னு, பிரமு. உனக்குப் பிடிக்கும்லா."

பிரமு என்றார். இங்கே வந்ததிலிருந்து அவளை ஏ என்றும் இந்தாம்மா என்றும்தான் கூப்பிடுகிறார், ஒரு தடவை நர்ஸம்மா என்றுகூடக் கூப்பிட்டார். அது இருக்கட்டும், பிடிக்கும் என்று யார் சொன்னது. அவள் சொல்லவில்லை, ஒரு நாளும் சொல்லவில்லை. அப்படியென்றால், அப்படியென்றால், செண்பகா வயிற்றில் இருந்தபோது அந்த மீன்கடைத் தெரு. சாயங்காலம் காற்றாட நடக்கவேண்டும் என்று டாக்டரம்மா சொன்னாள், பாளையங்கோட்டையில் நடக்க எத்தனையோ நல்ல தெரு இருந்தது, இவர் அவளை மார்க்கெட்டுக்குப் பின்பக்கமாகக் கருவாடு விற்கிற சந்து வழியாகத்தான் கூட்டிப்போனார். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு முன்னால் நடப்பார். குறுக்கு வழி என்பார். அது குறுக்கு வழியே இல்லை, சுற்று வழி, அவளுக்குத் தெரியும். பிள்ளைத்தாய்ச்சிக்கு அந்த வாசனையில் நாவில் நீர் ஊறி, கண்ணிலும் நீர் வந்துவிடும், அவர் திரும்பிப் பார்க்கமாட்டார், ஆனால் நடையை மெதுவாக்கிக்கொள்வார். தெரிந்துதான் கூட்டிப்போனாரா, வேறு தெரு தெரியாமல் போனாரா. ரொம்ப நாள் அந்தக் கேள்வி அவளிடம் இருந்தது, கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று கேட்காமலே வைத்திருந்தாள், வைத்திருந்து வைத்திருந்து அதை மறந்தும்போனாள். விரல் இன்னும் அவள் வாய்க்கு நேராகத்தான் இருந்தது. இவ்வளவு நேரம் கையைத் தூக்கி வைத்திருந்தால் அவருக்குத் தோள் வலிக்கும். மார்ஜரி பார்த்துக்கொண்டிருந்தாள். பிரமு வாயைத் திறந்தாள்.

ஒன்றும் இல்லை. அது மீன் மாதிரி இல்லை, எது மாதிரியும் இல்லை, வெந்த பஞ்சு மாதிரி நாராய், கொஞ்சம் உப்பாய் இருந்தது. நினைத்துக்கொண்டிருந்த ருசி இதில் இல்லை, அது எங்கேயும் இல்லையோ என்னவோ. மென்றாள். மென்ற அளவுக்கு வாயில் பெருகியது. தொண்டை இறுகிக்கொண்டது, அது தனக்கென்று ஒரு கொள்கை வைத்திருப்பது போல மேலே தள்ளியது, நாற்பது வருஷத்துக்கு மேல் இந்தப் பக்கம் வராதது இப்போது வந்தால் எப்படி விடும். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். கைக்குட்டையில் துப்பிவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தை அல்ல, தொண்டையை. குனிந்து, கவலையோடு, இமைக்காமல். இடது கையைக் கொண்டுவந்து அவள் தாடையில் வைத்தார், விரலெல்லாம் பிசுக்கு. "முழுங்கு" என்றார். "கொஞ்சூண்டுதான். முழுங்கிரு." இவ்வளவு பொறுமையாய் அவர் அவளிடம் பேசி எத்தனை காலம். அவள் கண்ணை மூடிக்கொண்டு முழுங்கினாள். அது வலித்துக்கொண்டே இறங்கியது. கண்ணைத் திறந்தபோது அவர் திருப்தியாய்த் தலையை ஆட்டிவிட்டுத் தன் தட்டுக்குத் திரும்பிவிட்டிருந்தார்.

அடுக்களை வாசலில் செண்பகா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாய் நின்றாளோ. கண் சிவந்திருந்தது, கையில் விரிப்பைத் துடைக்க ஈரத்துணி. வந்து சிந்திக் கிடந்த சோற்றைக் கூட்டி வழித்தாள், அப்பாவின் சட்டையில் பட்டிருந்ததையும் துடைத்தாள், துடைத்துவிட்டு அந்தக் கை அப்படியே அவர் தோளில் தங்கிவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. பிரமு தண்ணீர் எடுத்துக் குடித்தாள். வயிற்றுக்குள் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தாள், குமட்டும், மயக்கம் வரும், அழுகையாவது வரும் என்று. நாளைக்கு என்ன செய்வது என்பதுதான் வந்தது. இன்றைக்கு இந்த வீட்டில் இருக்கிறது, தின்கிறார், நாளைக்கு மத்தியானம் வீட்டில் அவர் முன்னால் எதை வைப்பது. நாளை மறுநாள் எதை வைப்பது. மறுபடி உதட்டை மடித்துக்கொண்டால்.

"ஏட்டி செண்பகா, இதை எப்படிச் செய்யணும்னு உன் மாமியார்ட்ட கேளு."

"எதைம்மா?"

"இதைத்தான். கோழியை. முழுசா இவ்வளவு பெரிசு வேண்டாம், சின்னதா இருந்தா எப்படின்னு கேளு."

"யாரு செய்யப்போறா?"

"நான்தான். வேற யாரு."

செண்பகா மார்ஜரியிடம் திரும்பி இங்கிலீஷில் கேட்டாள். மார்ஜரி முதலில் நம்பாதவள்போல இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள், பிறகு நாற்காலியை இழுத்துப் பிரமுவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, கையை அசைத்து அசைத்துச் சொல்ல ஆரம்பித்தாள். முதல் நாளே உப்புப் போட்டு ஊறவைக்கவேண்டுமாம். வயிற்றுக்குள் எலுமிச்சம்பழமும் வெங்காயமும் வைக்கவேண்டுமாம். கழுவும்போது உள்ளே கையை விட்டு, என்று செண்பகா மொழிபெயர்த்துக்கொண்டே வந்து அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். அம்மா, உங்களால முடியாது என்றாள். பிரமு தன் கையைப் பார்த்தாள், அதில் சொதியின் மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்தது. உள்ளே கையை விடுவது என்றால் மணிக்கட்டு வரைக்குமா, முழங்கை வரைக்குமா என்று அதற்குள் மனசு அலையத் தொடங்கியிருந்தது, குளிர்ந்திருக்குமோ, வழுக்குமோ, எந்தச் சட்டியில் வைப்பது, அதற்கென்று ஒன்று தனியாய் வாங்கவேண்டும், விளக்குப் பக்கம் கொண்டுபோகாமல் பார்த்துக்கொள்ளவேண்டும், எல்லாம் முடிந்து குளித்துவிட்டுத்தான் விளக்கேற்றவேண்டும், தினமும் இரண்டு தரம் குளிக்கவேண்டிவரும், இந்தக் குளிரில்.

"கேளு" என்றாள். "கையை விட்டு, பிறகு?"